வடக்குச் சுவர்

ட்ரோல்ஸின் ரப்பர் பூட்ஸை எங்கே வைப்பது என்பதிலேயே சிசெலுக்குக் காலைப் பொழுது பாதி போய்விட்டது. முன்கதவருகே ஜோடியாக நிறுத்திப் பார்த்தாள். அருங்காட்சியகத்தில் வைத்த மாதிரி இருந்தது. ஒன்றைச் சாய்த்துப் போட்டாள். குடிகாரன் உதறிவிட்டுப் போன மாதிரி இருந்தது. கடைசியில் இரண்டையும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், தண்ணீர்த் தொட்டியைச் சாய்த்துக் கொஞ்சம் மண்ணை நனைத்து, அந்தச் சேற்றில் அழுத்தி எடுத்து வந்து வைத்தாள். இப்போது ஆள் தோட்டத்திலிருந்து வந்து கழற்றிப் போட்டதுபோல் தெரிந்தது. ஹூல்பி சபையின் போதகர், ஐம்பது தாண்டியவள், ஞாயிறுதோறும் பொய் ஆகாது என்று ஊருக்குச் சொல்கிறவள், புருஷனின் பூட்ஸுக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தாள். புருஷன் பிப்ரவரியிலேயே வீட்டை விட்டுப் போயிருந்தான்.

அன்று ஆய்வு நாள். வசந்தம் வந்தால் சபைச் சங்கத்தார் கூட்டமாக வந்து கோவிலைக் கோபுரத்திலிருந்து அடித்தளம் வரை பார்ப்பார்கள். பிறகு அதே காலணியோடு போதகர் வீட்டுக்குள் நுழைவார்கள். வீடு சபையுடையது, போதகருடையது அல்ல. ஆகவே சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்ப்பார்கள், கழிவறையில் தண்ணீர் இழுத்துப் பார்ப்பார்கள், படுக்கையறைச் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். யாருக்கும் இதில் கூச்சமில்லை. கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். ட்ரோல்ஸ்தான் கூசிப்போவான். ஆய்வு முடிந்த அன்று சாயங்காலமெல்லாம், "அடுத்த வருஷம் என் சட்டைப்பையிலயும் கை விட்டுப் பாப்பாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பான். முணுமுணுப்போடு நிற்கும் என்று சிசெல் நினைத்தாள். நிற்கவில்லை.

அவன் போனதை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் ஆர்ஹூஸ் நகரத்தில் பாட்டு வகுப்பு எடுக்கிறான் என்றாள். அது பொய்யில்லை. வகுப்பு எடுக்கிறான், அங்கேயே தூங்கவும் செய்கிறான். இரண்டாவது பாதியை மட்டும் விழுங்கினாள்.

சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமல்ல, வீடு. பத்து அறையும் வைக்கோல் கூரையும் உள்ள பழைய வீட்டில் இரண்டு பேர் இருப்பதே அதிகம் என்று தலைமைப் போதகர் தோர்கில் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விற்றுவிட்டுப் போதகருக்குப் பட்டணத்தில் அடுக்குமாடியில் ஒரு இடம் பார்த்துக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து ஆராதனை நடத்திவிட்டுப் போகட்டும். அவர் கையில் இருந்த ஆயுதம் படுக்கையறையின் வடக்குச் சுவர். அது ஈரச் சுவர். போன ஆய்வில் அவருடைய ஈரம் காட்டும் கருவி அந்தச் சுவரைத் தொட்டதுமே அலறியது. அடுத்த வருஷமும் இப்படியே இருந்தால் விற்பதைத் தவிர வழியில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார். சங்கம் கெஞ்சியது: வீட்டில் குடும்பம் வாழ்கிறது, இரவில் விளக்கு எரிகிறது, ட்ரோல்ஸ் பாட்டுக் குழுவைக் கூடத்தில் வைத்துப் பழக்குகிறார், இதையெல்லாம் எப்படி விற்பது என்று. அந்தக் குடும்பம்தான் இப்போது ஒரு ஜோடி பூட்ஸாக வாசலில் நின்றது.

சிசெலுக்கு அந்த வீடு வேண்டும். வேறு எப்படிச் சொன்னாலும் சுற்றி வளைப்பதாகும். ஒருவன் அவளை விட்டுப் போய்விட்டான். வீடும் போனால், பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியவள் அவள்தான். அதை அவளால் தாங்க முடியாது.

படுக்கையில் இரண்டாவது தலையணையைத் தட்டி வைத்தாள். மேஜையில் இரண்டாவது கோப்பை. திரும்பி வந்து கோப்பையை எடுத்தாள். பிறகு மறுபடி வைத்தாள். வடக்குச் சுவரோடு ஒட்டி நின்ற ஓக் மர அலமாரியை மட்டும் தொடவில்லை. அது ட்ரோல்ஸின் அம்மா வீட்டிலிருந்து வந்தது. அவன் துணிகளை அள்ளிக்கொண்டு போன மறுநாள் அவள் தன் துணிகளையும் எடுத்து அடுத்த அறை நாற்காலிகளில் போட்டுவிட்டாள். அதன் பிறகு அதைத் திறக்கவில்லை. அதற்குப் பின்னால் சுவர் எப்படி இருக்கிறதென்று நகர்த்திப் பார்க்கவும் துணிவில்லை. ஈரமாக இருந்தால் மட்டும் அவள் என்ன செய்துவிடப் போகிறாள்.

மணியடித்ததும் கோவிலுக்கு ஓடினாள்.

தலைமைப் போதகர் தோர்கில் ஒல்லியானவர், நிதானமானவர். ஈரம் பார்க்கும் கருவியை மூக்குக் கண்ணாடிக் கூடுபோல ஒரு சிறிய உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சங்கத் தலைவி போடில் எழுபது வயதிலும் சைக்கிளில் வருகிறவள்; இன்று கைப்பிடியில் ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டிருந்தாள். கட்டிடப் பொறுப்பு பார்க்கும் வில்லி முன்பு பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், கதவை நிறைக்கும் உடம்பு. சங்கத்தார் இன்னும் இரண்டு பேர் பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ட்ரோல்ஸுக்கு இன்னிக்கு நேரமிருக்காதுன்னு நானே பன் சுட்டுட்டேன்" என்றாள் போடில்.

ஆய்வு நாள் பன் எப்போதும் ட்ரோல்ஸ் சுடுவதுதான். நேரமிருக்காதென்று இவளுக்கு யார் சொன்னது? சிசெல் நன்றி சொன்னாள்.

கோவிலில் குறை சொல்ல அதிகமில்லை. அடியில் செதுக்கிய கருங்கல் வரிசை, மேலே சுண்ணாம்புச் சுவர், மேற்கே படிப்படியாய் ஏறும் முகட்டுச் சுவரோடு பின்னாளில் கட்டிய கோபுரம். ஃப்யோர்டு எனும் கடற்கழியிலிருந்து வரும் காற்று எண்ணூறு வருஷமாக அதை உலுக்கிப் பார்த்துவிட்டு ஓய்ந்திருந்தது. வருஷா வருஷம் வசந்தத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். கொழுகொழுவென்று அடித்தால் உரிந்து விழும் என்பதால், ஆடை எடுத்த பாலைவிட நீர்க்கக் கரைத்து, ஒரு கை காய்ந்த பிறகு மறு கை என்று பொறுமையாக அடிப்பார்கள். கோபுரத்து ஏணியில் தலைமைப் போதகர் ஒவ்வொரு படியாகச் சோதித்து ஏறினார். அவர் ஆணி ஆணியாகப் பார்த்துக்கொண்டு வரும்வரை சிசெல் கீழே நின்று கையுறையைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே அவளுடைய வீட்டுக் கூரை தெரிந்தது. பூட்ஸ் காய்ந்து சேறு உதிர்ந்திருக்குமோ என்று நினைத்தாள். பிறகுதான் உறைத்தது: மூன்று வாரமாக ஹூல்பியில் மழையே இல்லை. ஊரெல்லாம் புழுதி. சேறு எங்கிருந்து வந்ததாம்? அவளுக்குக் காது வரை சூடேறியது.

வெளியே வந்து கோவிலைச் சுற்றினார்கள். வடபுறம் அடைத்துப்போன பழைய வாசல் சுவரில் ஒரு பள்ளமாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் அதன் வழியே வந்தார்கள், ஆண்கள் தெற்கே. வில்லி அதைத் தட்டி, பெண்களுக்கென்று ஒரு வாசல் வைத்து அதையும் நம் ஆட்கள் அடைத்துவிட்டார்கள், இப்போது பெண்ணே பீடத்தில் ஏறி நம்மைத் திட்டுகிறாள், அனுபவிக்க வேண்டியதுதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிசெலும் சிரித்தாள், ஒரு கணம் தாமதமாக.

பிறகு கூட்டம் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து வீட்டை நோக்கி நடந்தது.

அந்த வடக்குச் சுவரின் கதை ஊருக்கே தெரியும், அவமானமும் ஊருக்கே சொந்தம். எழுபதுகளில் ஒரு சங்கத்துக்கு யோசனை உதித்தது: கோவிலும் வீடும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும், ஆனால் வருஷந்தோறும் இரண்டுக்கும் யார் சுண்ணாம்பு அடிப்பது? ஒரு முறை அடித்தால் ஆயுசுக்கும் போதும் என்று சொல்லி விற்ற பிளாஸ்டிக் வண்ணத்தை வாங்கி வீட்டுக்கு அடித்தார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய கூட்டம். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் பழைய சுவர் மூச்சு விடுகிற சுவர். வாயைப் பொத்தினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அந்தத் தூரிகைகளில் ஒன்றைப் பிடித்தவர் வாலிபன் வில்லி. போன வருஷத்துக்கு முந்தின கோடையில் சங்கத்தார் அத்தனை பேரும் கம்பித் தூரிகை வைத்துச் சுரண்டி அந்தப் பாவத்தை உரித்தெடுத்தார்கள். வில்லி ஏணியிலிருந்து இறங்கவே மாட்டேன் என்று நின்றார். சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. அப்படியும் போன ஆய்வில் கருவி அலறியது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

வாசலில் போடில் பூட்ஸைப் பார்த்தாள். ஒரு நொடி கூடவே பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் பையை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சேறு மறைந்தது. இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் மறைக்கிறாள்?

சமையலறை, கூடம், கூரைத் தளம் எல்லாம் பார்த்தாயிற்று. தலைமைப் போதகர் அறைக்கு அறை நின்று, இதில் யார் இருக்கிறார்கள், இதற்கு என்ன உபயோகம் என்று கேட்டார். சிசெல் புத்தகம், விருந்தாளி, பாட்டுக் குழு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான் போலும். பூசணிக்காய் பத்து அறை அகலம். கடைசியில் படுக்கையறை வந்தது.

"அலமாரியை நகத்தணும்" என்றார் தலைமைப் போதகர், உறையிலிருந்து கருவியை எடுத்தபடி.

சிசெலுக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. போன வருஷம் நான்கு ஆண்கள் மூச்சு வாங்க நகர்த்திய அலமாரி. ட்ரோல்ஸ் ஒரு மூலையைப் பிடித்திருந்தான். அத்தனை கோட்டும் கம்பளிச் சட்டையும் உள்ளே இருக்க, எடுத்துவிட்டு நகர்த்தலாமே என்று யாரோ சொன்னதற்கு, என் துணியை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று சண்டைக்கு நின்றான். இப்போது அது காலி. வில்லியின் ஒரு தள்ளுக்கு அது சறுக்கிக்கொண்டு ஓடும், எல்லாம் வெட்டவெளிச்சமாகும். தன் கோட்டுகளையாவது உள்ளே மாட்டியிருக்கலாம். பூட்ஸுக்குச் சேறு பூசத் தெரிந்தவளுக்கு இது தோன்றவில்லை.

வில்லி அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். தோளைக் கொடுத்து முட்டினார், அலமாரி அசையவில்லை.

"அப்பாடி, இந்த மனுஷன் எத்தனை கோட்டுதான் வெச்சிருக்காரோ" என்று முனகினார். "ஏய், நீங்க ரெண்டு பேரும் வாங்க. ஒருத்தனால ஆகிற காரியமா இது?"

மற்ற இருவரும் வந்து ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். மூன்று பேரும் பல்லைக் கடித்தார்கள், முகம் சிவந்தார்கள், ஒருவர் இடுப்பைக் கூடப் பிடித்துக்கொண்டார். அலமாரி அங்குலம் அங்குலமாக முன்னால் வந்தது. சிசெல் கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும், அதற்குள் ஒரு கைக்குட்டை கூட இல்லை. வில்லியின் நெற்றியில் வேர்வை மட்டும் உண்மையாக இருந்தது.

ஆக, இவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதமாக அவள் கடையில், வாசலில், கல்லறைத் தோட்டத்தில் சொன்ன ஒவ்வொரு கதையையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தெரிந்தே சும்மா இருந்திருக்கிறார்கள். முதலில் வந்தது நன்றியல்ல, கோபம். எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பொம்மையாக வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் கொதித்தாள். பிறகு, சங்கத்தின் மூன்று கிழவர்கள் தலைமைப் போதகர் கண்ணெதிரே ஒரு காலி மரப்பெட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கையில், அந்தக் கோபம் கரைந்தது.

தலைமைப் போதகருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவியின் இரண்டு முட்களையும் சுவரில் பதித்தார். அலறவில்லை. இன்னும் கீழே, தரையருகே பதித்தார். மூலையில் பதித்தார். கருவியைத் தட்டிப் பார்த்தார், தன் நாக்கில் விரலைத் தொட்டு முட்களில் வைத்தார், உடனே கத்தியது. கருவியில் பழுதில்லை. சுவர் காய்ந்து கிடந்தது.

வில்லி சுவரில் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தடவுவதுபோல் தடவினார்.

"என்ன பண்ணினீங்க?" என்றார் தலைமைப் போதகர். அவர் குரலில் சந்தேகம் இருந்தது. "சுண்ணாம்பு அடிச்சும் போன வருஷம் ஊறிப்போயிருந்தது. சூடு காட்டுனீங்களா? நான் வரேன்னு ஒரு வாரம் மெஷின் வெச்சு உலர்த்தியிருந்தா மறுபடியும் ஊறத்தான் போகுது. காரணம் தெரியாம இதை நான் சரின்னு எழுத முடியாது."

போடில் சட்டென்று முன்னால் வந்தாள். இந்த வருஷம் மழை குறைவு என்றாள். சுண்ணாம்பு பிடிக்கவே இரண்டு வருஷம் ஆகும் என்றாள். ட்ரோல்ஸ் வெளியே வாய்க்கால் வெட்டினார் என்று கூடச் சொல்லப் போனாள். வாய்க்கால் எங்கே என்று கேட்டால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. எழுபது வயது, ஐந்து முறை சங்கத் தலைவி, வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லியறியாதவள், தடுக்கித் தடுக்கிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத்தான் சிசெலால் பார்க்க முடியவில்லை.

"ஜன்னல்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பிப்ரவரியிலேருந்து நான் ராத்திரியெல்லாம் ஜன்னலைத் திறந்து வெச்சுத்தான் தூங்கறேன். பனி கொட்டினப்பகூட. இருபத்திரண்டு வருஷமா எனக்கு அப்படித் தூங்கத்தான் ஆசை. ட்ரோல்ஸுக்குக் காத்துன்னாலே ஆகாது. இடுக்கெல்லாம் பஞ்சு வெச்சு அடைப்பார்."

"அப்போ இப்ப மட்டும் எப்படி ஒத்துக்கிட்டார்?"

"இப்ப ஜன்னலைச் சாத்த ஆள் இல்லை" என்றாள் சிசெல். "அவர் போயிட்டார். இந்த அலமாரி காலி. வாசல்ல இருக்கிற பூட்ஸுக்கு நான்தான் காலையில சேறு பூசினேன்."

சொல்லி முடித்ததும் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை.

தலைமைப் போதகர் அலமாரியைப் பார்த்தார். பிறகு, இன்னும் முகம் சிவந்து நின்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். வில்லி கூரையில் ஏதோ முக்கியமான விரிசல் இருப்பதுபோல் அண்ணாந்துகொண்டார்.

தலைமைப் போதகர் பேனாவைத் திறந்தார். காரணம் தெரிந்துவிட்டது, ஆகவே எழுதலாம் என்றார். உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: வடக்குச் சுவர், காய்ந்திருக்கிறது, குறை இல்லை, ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

"பத்து ரூமு" என்றாள் சிசெல், தரையைப் பார்த்தபடி. "ஒரு ஆள்."

அவர் பேனாவை மூடினார். "போதகர் இந்த வீட்ல குடியிருக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. யாரோடன்னு சொல்லலை. ஈரத்தைக் காட்டித்தான் நான் விக்கச் சொன்னேன். ஈரம் இல்லைன்னா என்கிட்ட வேற பேச்சும் இல்லை." கருவியை உறையில் போட்டார். கதவு வரை போய்த் திரும்பினார். "ஜலதோஷம் பிடிக்காம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி இருக்கும் பக்கம் நடந்தார்.

போடில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படுக்கை அவள் பக்கம் தாழ்ந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று சிசெல் கேட்டாள்.

"பிப்ரவரி. பாலுக்கு சைக்கிள்ல வந்தேன், பனி கொட்டுது, உன் ஜன்னல் ஆன்னு திறந்து கிடக்கு. திரை வெளியே பறக்குது. ட்ரோல்ஸ் வீட்ல இருந்தா நடக்கற காரியமா? அன்னிக்கே ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"யாரும் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நீ பொய் சொல்ல வேண்டி வருமே" என்றாள் போடில். "நீ போதகரு."

சிசெலுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகை. மூன்று மாதமாக அடக்கி வைத்தது அத்தனையும் போடிலின் கம்பளித் தோளில் இறங்கியது. போடில் அசையவில்லை. சமையலறையில் பன் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

வில்லி தொண்டையைச் செருமினார். அலமாரியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், சுவருக்குக் காற்று வேண்டும் என்றாள் சிசெல். கொட்டகையில் போட்டுவிடுங்கள், அவன் அம்மாவுடையது, வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

வில்லி மற்ற இருவரையும் கூப்பிடவில்லை. அலமாரியை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகில் ஏற்றிக்கொண்டு, தனியாகவே கதவைக் கடந்து போனார்.